அரளியில் கொம்பு வைத்த புழு

கேள்வி: எங்கள் வீட்டு அரளியில் கருப்பு, வெள்ளை வரி போட்ட புழுக்கள். மருந்து அடிக்கலாமா? (வாசகி, மதுரை)

பதில்: வேண்டாம்மா, அடித்துவிடாதீர்கள்! முதலில் முதுகில் உள்ள கொம்புகளை எண்ணுங்கள். முன்பக்கம் 3 ஜோடி, வால்பக்கம் 1 ஜோடி இருந்தால் அது வெண்புள்ளிக் கருப்பன் என்ற பட்டாம்பூச்சியின் புழு. எருக்கில் அதிகம் மேயும் வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சியின் புழுவுக்கு மொத்தமே 3 ஜோடிதான்.

சந்தேகம் தீராவிட்டால் கூட்டுப்புழுவாகும்வரை பொறுங்கள். இலைக்கு அடியில் வெள்ளி முலாம் பூசியதுபோல் பளபளவென்று தொங்கும்; உற்றுப் பார்த்தால் அதில் உங்கள் முகமே தெரியும். எனக்கு மிகப் பிடித்த பருவம் இதுதான். அப்புறம் கூடு கருத்து, இறக்கையோரத்து வெண்புள்ளிகள் உள்ளிருந்தே தெரிந்தால், அடுத்த நாளே பட்டாம்பூச்சி வந்துவிடும். அரளி எப்படியும் மறுபடி துளிர்க்கும், கவலை வேண்டாம்.