விதிகள் குறைந்த ரோல்பிளேயிங் கேமில் கேரக்டரை உருவாக்குவது, வளர்ப்பது எப்படி?

கேள்வி இதுதான்: ஆளுக்கொரு கதாபாத்திரமாகி மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதையை ஆடும் ஃபேட், ரிசஸ் போன்ற கேம்களில் கேரக்டர் ஷீட்டை (கதாபாத்திரத்தின் விவரத் தாளை) பத்து நிமிடத்தில் நிரப்பிவிடலாம், ஆனால் மூன்றாவது செஷன் (ஒருமுறை உட்கார்ந்து ஆடுவது) வருவதற்குள் அந்தக் கேரக்டரில் பெயரையும் ஆயுதத்தையும் தவிர ஒன்றும் மிஞ்சுவதில்லை. லெவல் ஏறி புதுச் சக்திகள் கிடைக்காத கேமில் ஒரு கேரக்டரை எப்படி வளர்ப்பது?

பெரிய விதிப்புத்தகம் உள்ள கேமில் கேரக்டர்களை வேறுபடுத்திக் காட்டும் வேலையை ஸ்பெல் (மந்திர) பட்டியலும் ஆயுத அட்டவணையும் பார்த்துக்கொள்ளும். இங்கே அந்த வேலை முழுக்க நீங்கள் ஷீட்டில் எழுதும் நான்கைந்து வரிகள் தலையில் விழுகிறது. அந்த வரிகளே விதிகள். அதனால் ஒவ்வொரு வரியையும் ‘இதை வைத்து ஆட முடியுமா’ என்று சோதித்த பிறகே எழுத வேண்டும்.

கேரக்டர் யார் என்று சொல்லும் முதல் வரியிலிருந்து தொடங்குவோம். ஃபேட்டில் இதை ஹை கான்செப்ட் என்பார்கள், ரிசஸில் கிளிஷே. ‘வீரமான போராளி’ என்று எழுதினால் அது சண்டையில் மட்டும் உதவும், யாருக்கும் தொல்லை தராது, அடுத்த நாற்காலியில் இருப்பவரின் போராளியும் அதே ஆள்தான். நான் பரிந்துரைக்கும் சோதனை எளிது. அந்த வரி உங்களுக்குக் கைகொடுக்கும் மூன்று சூழல்களையும், அதே வரி உங்கள் காலை வாரிவிடும் மூன்று சூழல்களையும் யோசித்துப் பாருங்கள். ஆறில் குறைந்தது இரண்டு சூழல்களாவது சண்டை இல்லாத காட்சியாக இருக்க வேண்டும். ஆறும் தேறாவிட்டால் வரியை மாற்றுங்கள். நீளம் ஐந்து முதல் எட்டு சொற்கள் போதும். அதற்கு மேல் போனால் விளையாட்டின் நடுவே யாருக்கும் நினைவுக்கு வராது.

ஓர் உதாரணத்தை எடுத்து ஷீட்டை நிரப்பிப் பார்க்கலாம். கேரக்டரின் பெயர் யாழி, வரைபடம் வரைந்து விற்பவள். ‘திறமையான வரைபடக்காரி’ என்பது செத்த வரி. ‘தன் வரைபடத்தைத் தானே நம்பாத வரைபடக்காரி’ என்றால் உயிர் வருகிறது. வழி கண்டுபிடிக்க உதவும், போலி ஆவணத்தை அடையாளம் காண உதவும், மற்றவர்கள் பார்க்கத் தவறியதைப் பார்க்க உதவும். அதே சமயம் இரண்டு பாதை பிரியும் இடத்தில் அவள் தடுமாறுவாள், குழு அவசரப்படும்போது திரும்பத் திரும்பச் சரிபார்ப்பாள், ‘இது சரியான வழியா?’ என்று யாராவது அழுத்திக் கேட்டால் பதில் வராது.

அடுத்தது சிக்கல் வரி. யாழிக்கு: ‘என் பொய் வரைபடத்தால் 17 பேர் திரும்பவில்லை.’ நல்ல சிக்கலுக்கு இரண்டு குணங்கள் வேண்டும். அதற்குப் பின்னால் மனிதர்கள் இருக்க வேண்டும். அது இன்னும் முடிந்திருக்கக் கூடாது. ‘இருட்டைக் கண்டால் பயம்’ என்பது இருட்டு வந்தால்தான் வேலை செய்யும். 17 குடும்பங்கள் எந்த ஊரிலும், எந்த விடுதியிலும் எதிர்ப்படலாம்.

சிக்கல் வரி இல்லாமலும் ஆடலாமே என்று தோன்றும். ஃபேட்டில் அதற்கு நேரடியான விலை உண்டு. பொதுவாக ஒவ்வொருவரும் 3 ஃபேட் பாயின்ட்டோடு தொடங்குவார்கள். உங்கள் வரியை உங்களுக்குச் சாதகமாக இழுத்து, உருட்டிய எண்ணோடு +2 பெறவோ பகடையைத் திரும்ப உருட்டவோ ஒரு பாயின்ட் செலவாகும். அது திரும்ப வரும் முக்கிய வழி, ஜி.எம். (ஆட்டத்தை நடத்துபவர்) அந்த வரியை உங்களுக்கு எதிராகத் திருப்பி, நீங்கள் அதை ஏற்றுக்கொள்வது. எல்லா வரியும் நல்லதையே சொன்னால் ஜி.எம். திருப்புவதற்கு எதுவும் இருக்காது. செஷனின் முதல் பாதியிலேயே மூன்றும் தீர்ந்துவிடும்; மீதி நேரம் அந்த ஆட்டக்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ‘என் கேரக்டரால் ஒன்றும் செய்ய முடியவில்லை’ என்ற புகாரைத் தோண்டினால் பாதிக்கு மேல் இங்கேதான் வந்து நிற்கும்.

மூன்றாவது வரி இன்னொரு ஆட்டக்காரரின் கேரக்டரோடு கட்டப்பட வேண்டும். இதற்காகவே ஷீட்டைத் தனியாக வீட்டில் எழுதாமல், எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதச் சொல்கிறேன். ‘நாங்கள் பழைய நண்பர்கள்’ என்று எழுதினால் அது முடிந்துபோன கதை. தீராத கணக்கு ஒன்று வேண்டும்: கடன், பொய், வாக்குறுதி, சந்தேகம். முரசன் இன்னொரு ஆட்டக்காரரின் கேரக்டர் என்று வைத்துக்கொண்டால், யாழியின் வரி: ‘அந்த 17 பேரில் ஒருவன் முரசனின் அண்ணன், முரசனுக்குத் தெரியாது.’ இதை எழுதும் முன் முரசனை ஆடுபவரிடம் கேட்டுச் சம்மதம் வாங்குங்கள், இது கட்டாயம். மேசையைச் சுற்றி இருக்கும் எல்லோருக்கும் ரகசியம் தெரிந்திருக்கட்டும். கேரக்டருக்கு மட்டும் தெரியாமல் இருக்கட்டும். ஆட்டக்காரர்களிடமே மறைத்தால் அந்த ரகசியம் பெரும்பாலும் வெளிவராமலேயே போய்விடும். தெரிந்திருந்தால், முரசனை ஆடுபவரே ‘என் அண்ணன் வைத்திருந்த வரைபடத்தைப் பார்க்கிறாயா?’ என்று வேண்டுமென்றே நீட்டுவார். அந்த ஒரு கேள்வியில் கிடைக்கும் காட்சி பத்து பக்கப் பின்கதையில் கிடைக்காது.

பின்கதை ஆறு வரி போதும். அதில் உயிரோடு இருக்கும் மூன்று பேரின் பெயர் இருக்கட்டும்: இவளிடம் எதையோ எதிர்பார்க்கும் ஒருவர், இவள் பயப்படும் ஒருவர், இவளுக்குக் கடன்பட்ட ஒருவர். பெற்றோர் இறந்துவிட்டார்கள், ஊர் எரிந்துவிட்டது, யாரையும் நம்பாத தனியாள் என்று எழுதுவது ரொம்பச் சாதாரணம். அப்படி எழுதினால் ஜி.எம். பிடித்து இழுக்க ஒரு கயிறும் இல்லை. பதில் தெரியாத ஒரு கேள்வியையும் வேண்டுமென்றே விட்டுவையுங்கள்: பொய் வரைபடம் வரையச் சொல்லி யாழிக்குப் பணம் கொடுத்தது யார்? பதில் விளையாட்டில் கிடைக்கட்டும்.

எண்களுக்கு அதிக நேரம் வேண்டாம், ஆனால் அவற்றின் எடை தெரிந்திருக்க வேண்டும். ஃபேட்டின் சுருக்கமான வடிவமான ஃபேட் ஆக்ஸிலரேட்டடில் ஒரு செயலைச் செய்ய நிதானம், புத்தி, பகட்டு, முரட்டுத்தனம், வேகம், மறைவு என்று ஆறு வழிகள். ஒன்றுக்கு +3, இரண்டுக்கு +2, இரண்டுக்கு +1, ஒன்றுக்கு 0. ஒவ்வொன்றும் -1, 0, +1 காட்டும் நான்கு ஃபேட் பகடைகளை உருட்டிக் கூட்டினால் 100-க்கு 63 தடவை -1, 0, +1 இந்த மூன்றில் ஒன்றுதான் விழும். அதனால் சின்ன வித்தியாசமும் பெரிதாகத் தெரியும். கடினம் +2 உள்ள (அதாவது பகடையும் வழியின் எண்ணும் சேர்ந்து 2-ஐ எட்ட வேண்டிய) செயலில், சமமாக வந்தால் சிறு விலையோடு வெற்றி என்பதையும் சேர்த்தால், +3 உள்ள வழிக்கு 81%, +1 உள்ள வழிக்கு 38%, 0 உள்ள வழிக்கு 19% வாய்ப்பு.

இதைப் பார்த்ததும் எல்லாவற்றையும் +3 உள்ள வழியிலேயே செய்யத் தோன்றும். ஆட்டம் சலிப்பது இங்கிருந்துதான். ஜி.எம். எந்த வழி என்று கேட்கும் முன் ‘சரியாக என்ன செய்கிறாய், சொல்’ என்று கேட்க வேண்டும். கதவை முரட்டுத்தனமாகத் திறந்தால் திறக்கும், ஆனால் காவலர் விழித்துக்கொள்வார். வழிக்கேற்ப விளைவு மாறும்போது ஆட்டக்காரர் தானாகவே குறைந்த எண்ணையும் தொடுவார். ரிசஸில் இதே சிக்கல் வேறு உருவில் வரும். கிளிஷேக்களுக்குப் பிரித்துக் கொடுக்கக் கையில் இருப்பது 10 பகடைகள், தொடக்கத்தில் ஒரு கிளிஷேவுக்கு அதிகபட்சம் 4. 4, 3, 2, 1 என்று பிரித்தால் நான்கு முகம் கொண்ட ஆள் கிடைப்பார். 4, 4, 2 என்றால் ஆள் பலசாலிதான், ஆனால் ஆச்சரியப்படுத்த மாட்டார்.

இனி வளர்ப்பு. எண்ணைக் கூட்டுவதை வளர்ச்சி என்று எடுத்துக்கொண்டால் சிறிய கேம் சீக்கிரம் உடைந்துவிடும். இரண்டு ஆறுமுகப் பகடையை உருட்டி 6-க்குள் வந்தால் தோல்வி, 7 முதல் 9 வரை விலையோடு வெற்றி, 10 அல்லது அதற்கு மேல் வந்தால் முழு வெற்றி என்று வைத்திருக்கும் கேம்களை எடுத்துக்கொள்ளுங்கள். கூடுதல் எண் ஏதும் இல்லாதவர் 42% தோற்பார். +3 வந்துவிட்டால் தோல்வி 8%தான். இந்தக் கேம்களில் கதையைத் திருப்புவதே தோல்வியும் விலையும்தான், அவை போனால் ஆட்டத்தில் பாதி போச்சு. அப்படிப்பட்ட ஒரு கேமான டன்ஜன் வேர்ல்டு இதைப் புரிந்துகொண்டு 6-க்குள் உருட்டினால் அனுபவப் புள்ளி தருகிறது. ரிசஸில் சாகசம் முடிந்ததும் நன்றாகப் பயன்படுத்திய கிளிஷேவின் பகடைகளை உருட்டி, எல்லாம் இரட்டைப்படையாக விழுந்தால்தான் ஒரு பகடை கூடும். 2 பகடை இருந்தால் நான்கில் ஒரு வாய்ப்பு, 4 இருந்தால் பதினாறில் ஒன்று. ஏற ஏறப் படி உயரமாகிறது.

ஆகவே சொற்களை மாற்றுங்கள். ஃபேட்டில் சிறு மைல்ஸ்டோன் (கதையில் ஒரு கட்டம் முடியும் இடம்) வந்தால் ஹை கான்செப்ட் தவிர ஏதாவது ஒரு வரியைத் திருத்தலாம், பெரிய மைல்ஸ்டோனில் ஹை கான்செப்ட்டையும் மாற்றலாம். பலர் இந்த உரிமையைத் தொடுவதே இல்லை. செஷன் முடிந்ததும் ஐந்து நிமிடம் ஒதுக்கி ஒவ்வொருவரும் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்: இன்று எந்த வரி ஒருமுறைகூடப் பயன்படவில்லை? இன்று நடந்ததால் எந்த வரி பொய்யாகிவிட்டது?

யாழியின் விஷயத்தில், உண்மை வெளிவந்த செஷனுக்குப் பிறகு ‘முரசனுக்குத் தெரியாது’ என்ற வரி காலாவதி. அதை அடித்துவிட்டு ‘முரசன் தெரிந்துகொண்டான்; இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை’ என்று எழுதலாம். எண் ஒன்றும் மாறவில்லை, ஆனால் அடுத்த செஷனில் இருவரும் ஒரே கயிற்றில் மலை ஏற வேண்டிய காட்சி வந்தால் அது வேறு காட்சி. மாற்றும் முன் ஒன்று கவனியுங்கள்: சிக்கலைத் தீர்த்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக விடக் கூடாது. 17 குடும்பங்களிடமும் மன்னிப்புக் கேட்டு முடித்துவிட்டால், அந்தத் தீர்விலிருந்தே புதுச் சிக்கல் முளைக்கட்டும்: பணம் கொடுத்தவனுக்கு இப்போது யாழி ஒரு சாட்சி.

ஒரே நாளில் முடியும் ஆட்டத்துக்கு இவ்வளவும் வேண்டாம். முதல் வரி, சிக்கல், பக்கத்தில் இருப்பவரோடு ஒரு தீராத கணக்கு, இவை மூன்று மட்டும் எழுதிவிட்டு 15 நிமிடத்தில் ஆடத் தொடங்குங்கள். எண்களையும் மீதி வரிகளையும் தேவைப்படும் இடத்தில் ஆடிக்கொண்டே நிரப்பலாம்.