பத்தாம் வகுப்பு வந்தால் மகள் மட்டும் ஏன் நிறுத்த வேண்டும்?

கேள்வி: மூளைக்கு ஆண், பெண் வித்தியாசம் கிடையாது என்கிறார்கள். அப்படியானால் செஸ்ஸில் பெண்களுக்குத் தனிப் போட்டியும் தனிப் பட்டமும் எதற்கு? இத்தனை வருடம் ஆகியும் மேல்மட்டத்தில் ஆண்கள்தானே இருக்கிறார்கள்? என் வீட்டிலும் இரண்டு பேர் ஆடுகிறார்கள். மகன் பிளஸ் ஒன், மகள் ஒன்பதாம் வகுப்பு. அவனைவிட அவள் நன்றாகவே ஆடுவாள். ஆனால் அடுத்த வருடம் பத்தாம் வகுப்பு என்பதால் அவளை நிறுத்திவிட்டு, மகனை மட்டும் தொடர்ந்து அனுப்பலாமா?
- ஒரு வாசகர், தக்கலை

பதில்: போன வருடம் உங்கள் மகனுக்கும் பத்தாம் வகுப்புதான். அப்போது அவனை நிறுத்தினீர்களா? நிறுத்தியிருந்தால் இன்று "தொடர்ந்து அனுப்பலாமா" என்று கேட்டிருக்க மாட்டீர்கள். மேல்மட்டத்தில் ஏன் ஆண்களே இருக்கிறார்கள் என்று கேட்கிறீர்களே, அதற்குப் பதில் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. கோபமாகச் சொல்கிறேன் என்று நினைத்தாலும் சரி.

குளச்சலில் இருந்து பதினாறு வள்ளம் கடலுக்குப் போகிறது, பக்கத்துக் கரையில் இருந்து ஒன்றே ஒன்று போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குப் பெரிய மீன் எந்தக் கரைக்கு வந்து சேரும்? அதை வைத்து அந்த ஒற்றை வள்ளத்துக்காரருக்கு வலை வீசத் தெரியாது என்று யாராவது சொல்வார்களா? ஜெர்மனியில் பதிவு செய்த சுமார் 1,20,000 செஸ் ஆட்டக்காரர்களின் ரேட்டிங்கை, அதாவது ஆடிய ஆட்டங்களின் முடிவை வைத்துத் தரும் புள்ளியை, எடுத்து ஆராய்ந்து 2009-ல் ஒரு கட்டுரை வெளிவந்தது. அங்கே பதினாறு ஆண்களுக்கு ஒரு பெண்தான் ஆடுகிறார். உச்சத்தில் இருப்பவர்களுக்கிடையே தெரியும் இடைவெளியில் 96 சதவீதம் இந்த எண்ணிக்கை வித்தியாசத்தாலேயே வருவது என்று அவர்கள் கணக்கிட்டார்கள். மறுத்து எழுதியவர்களும் உண்டு, இருக்கட்டும். ஆட வருகிறவர்களே இவ்வளவு குறைவாக இருக்கும்போது திறமையைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல யாருக்கும் அவசரம் வேண்டியதில்லை.

தனிப் போட்டி விஷயத்தில் ஒரு திருத்தம். நாடுகளின் அணிகள் மோதும் செஸ் ஒலிம்பியாடில் "ஆண்கள் பிரிவு" என்று நாம் சொல்வது உண்மையில் பொதுப் பிரிவு, பெண்களும் அதில் ஆடலாம். ஆனால் இந்தக் கதவு தானாகத் திறக்கவில்லை. 1976-ல் இந்திய வீராங்கனை ரோகிணி காடில்கர் தேசிய ஆண்கள் போட்டியில் ஆட வந்தபோது பெரிய எதிர்ப்பு கிளம்பி, விஷயம் உயர்நீதிமன்றம் வரைக்கும் போய், கடைசியில் உலக செஸ் கூட்டமைப்பின் தலைவராக இருந்த மாக்ஸ் யூவே பெண்களைத் தடுக்கக் கூடாது என்று சொல்ல வேண்டி வந்தது. ஹங்கேரி வீராங்கனை ஜூடிட் போல்கர் பெண்கள் போட்டிகளைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டுப் பொதுப் போட்டிகளிலேயே ஆடி 2005-ல் உலகின் 8-வது இடத்துக்கு வந்தார். முதல் பத்துக்குள் வந்த ஒரே பெண் அவர்தான். பெண்களுக்கான கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு 2300 ரேட்டிங் போதும், செஸ்ஸின் மிக உயர்ந்த பட்டமான பொதுவான கிராண்ட்மாஸ்டருக்கு 2500 வேண்டும். இந்தக் குறைந்த அளவு பெண்களின் இலக்கையே சுருக்கிவிடுகிறது என்ற வாதத்தில் எனக்கும் உடன்பாடு உண்டு. ஆனால் பெண்களுக்கான பரிசுப் பணத்தை இன்றே எடுத்துவிட்டால், மகளைப் போட்டிக்கு அனுப்ப யோசிக்கும் வீடுகளில் இன்னும் நான்கு வீடு நின்றுவிடும். அதனால் தனிப் போட்டி இப்போதைக்கு இருக்கட்டும். உங்கள் பிள்ளை இரண்டிலும் ஆடட்டும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு மாநிலத்திலேயே முதலிடம். பெண் குழந்தைகளைப் படிக்க வைக்க இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் நாகர்கோவிலில் சிறுவர்களுக்கான செஸ் போட்டி நடக்கும் மண்டபத்துக்குள் போய்ப் பாருங்கள். ஒன்பது வயதுக்குட்பட்டோர் மேசைகளில் ரெட்டைச்சடைகள் நிறையவே தெரியும். பதினைந்து வயதுக்குட்பட்டோர் பக்கம் வந்தால் விரல் விட்டு எண்ணிவிடலாம். நடுவில் என்ன ஆனது? சென்னையில் போட்டி என்றால் இங்கிருந்து சுமார் 700 கிலோமீட்டர். பையனைக் கூட்டாளிகளோடு ரயில் ஏற்றிவிடுகிறோம். பெண் பிள்ளை என்றால் கூடப் போக ஒரு ஆள் வேண்டும், பத்திரமாகத் தங்க இடம் வேண்டும், மண்டபத்தில் ஒழுங்கான கழிவறை வேண்டும். ரேட்டிங் வீட்டில் உட்கார்ந்து வராது, ஆடினால்தான் வரும். அப்புறம் இரண்டு வருடம் கழித்து, "அவளுக்கு ஆர்வம் போயிட்டு" என்கிறோம்.

செஸ் வீராங்கனை வைஷாலி, அவர் தம்பி பிரக்ஞானந்தா இருவரின் அம்மா பிள்ளைகளோடு ஊர் ஊராகப் போய் மண்டபத்து ஓரத்தில் காத்திருந்தார். 2023-ல் வைஷாலி கிராண்ட்மாஸ்டர் ஆனார். கொனேரு ஹம்பி 2002-ல் பதினைந்து வயதில் ஆனார். குழந்தைப்பேறுக்காக இடைவெளி விட்டுத் திரும்பி வந்து 2019-லும் 2024-லும் பெண்களுக்கான உலக ரேபிட் (குறைந்த நேர ஆட்டம்) பட்டத்தை வென்றார். 2025 ஜூலையில் திவ்யா தேஷ்முக் நாட்டின் 88-வது கிராண்ட்மாஸ்டர் ஆனபோது, அந்த 88 பேரில் பெண்கள் நான்கே பேர்.

உங்கள் கேள்விக்கு நேராகவே சொல்கிறேன். பத்தாம் வகுப்பில் போட்டிகளைக் குறைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. மகனுக்கு எவ்வளவு குறைத்தீர்களோ அவ்வளவே குறையுங்கள். தேர்வு முடிந்த வாரமே ஒரு பொதுப் பிரிவுப் போட்டிக்கு இரண்டு பேர் பெயரையும் கொடுங்கள். கையில் ஒருவருக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், இரண்டு பேரில் யார் நன்றாக ஆடுவார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.