வாடகை வீடு கேள்வி-பதில்: 11 மாதத் தாளை நம்பாதீர்கள்

கே: கடலூர் மஞ்சக்குப்பத்தில் 50 லட்சத்துக்கு வீடு பார்த்திருக்கிறேன். 35 லட்சம் கடன். வாடகை 12,000 வரும் என்கிறார் புரோக்கர். வாடகையே இ.எம்.ஐ.யைக் கட்டிவிடுமா?

ப: கட்டாது. 8.5% வட்டி, 20 வருடம் என்றால் தவணை மாதம் 30,000-க்குக் கொஞ்சம் மேலே. மீதி 18,000 உங்கள் கையிலிருந்து. வருடத்தில் ஒரு மாதம் வீடு காலி, சொத்து வரி, பெயின்ட், மோட்டார் ரிப்பேர் எல்லாம் போக வருட வாடகையில் நிற்பது ஒரு லட்சம் சொச்சம். அதாவது 50 லட்சத்துக்கு 2 சதவீதம். மனை விலை ஏறும் என்ற நம்பிக்கையில் வாங்கினால் வாங்குங்கள். வாடகையை நம்பி வேண்டாம். அந்த 12,000-ஐயும் அதே தெருவில் குடியிருக்கும் இரண்டு பேரிடம் கேட்டுச் சரிபாருங்கள்.

கே: வாடகை பாக்கி. தண்ணீர் மோட்டாரை நிறுத்தினால் வழிக்கு வருவாரா?

ப: நீங்கள்தான் வழக்கில் மாட்டுவீர்கள். தண்ணீரையும் கரண்டையும் தொடாதீர்கள்.

கே: 11 மாதத்துக்கு அக்ரிமென்ட் போட்டால் பதிவே தேவையில்லை என்கிறார்கள். ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி நோட்டரி கையெழுத்தும் வாங்கிவிட்டேன். போதும்தானே? (திருப்பாதிரிப்புலியூர்)

ப: போதாது. ஜெராக்ஸ் கடையில் பெயரை மட்டும் மாற்றி அச்சடித்துத் தரும் அந்தத் தாள் இன்னும் எத்தனை பேரைக் கவிழ்க்கப் போகிறதோ! 11 மாதக் கணக்கு 1908-ஆம் வருடத்துப் பதிவுச் சட்டத்திலிருந்து வந்தது. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்று அது சொல்வதால், அதைத் தவிர்க்க ஒரு மாதத்தைக் குறைத்தார்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் வேறு விஷயம். 11 மாதமோ 3 வருடமோ, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். ஒப்பந்தம் போட்ட 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அரசின் வாடகை இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். பதியாத தாள், தகராறு வரும் நாளில் சான்றாக நிற்காது. நோட்டரி முத்திரை இதற்கு மாற்றும் அல்ல.

தாளில் என்ன எழுதுவது என்பதிலும் கவனம் வேண்டும். வாடகை எந்தத் தேதிக்குள், எந்த வங்கிக் கணக்கில், வருடத்துக்கு எவ்வளவு ஏற்றம், காலி செய்ய எத்தனை மாத நோட்டீஸ், பெயின்ட் செலவு யாருடையது, மீட்டர் ரீடிங் எவ்வளவு, ஃபேன், கீசர் எத்தனை, எல்லாம் வர வேண்டும். அட்வான்ஸ் 3 மாத வாடகைக்கு மேல் என்றால் அதற்கு இருவரும் ஒப்புக்கொண்டதை எழுதியே ஆக வேண்டும். எழுதாமல் 10 மாதம் வாங்கிவிட்டு, பிறகு என்னிடம் கேட்டுப் பயனில்லை.

கடைசியாக ஒன்று. இதெல்லாம் கடலூருக்கு. பாலத்தைத் தாண்டிப் புதுச்சேரி எல்லைக்குள் போனால் இந்தச் சட்டம் செல்லாது. அங்கே 1969-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது. அரியாங்குப்பத்து வீட்டுக்குக் கடலூர்த் தாளைக் காப்பியடிக்காதீர்கள்.

கே: குடியிருப்பவர் காலி செய்ய மறுக்கிறார். என்ன செய்யலாம்?

ப: எந்த ஊர்? ஒப்பந்தம் இருக்கிறதா? வாடகை வங்கியில் வருகிறதா, ரொக்கமா? ஒன்றும் எழுதவில்லை. மேலே உள்ள பதிலைப் படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

கே: ஓனர் பாரிஸில் இருக்கிறார். முத்தியால்பேட்டை வீட்டுக்கு மாதம் 25,000 தருகிறேன். நான் வரி பிடிக்க வேண்டுமா?

ப: வேண்டும். மாதம் 50,000 வரை பிடித்தம் இல்லை என்பது இந்தியாவில் வசிக்கும் ஓனருக்குத்தான். வெளிநாட்டில் வசிப்பவருக்கு முதல் ரூபாயிலிருந்தே சுமார் 31% பிடித்துக் கட்ட வேண்டும். அதற்கு டான் (TAN) என்ற வரிப் பிடித்த எண்ணும் வாங்க வேண்டும். இங்கே பாஸ்போர்ட் கணக்கில்லை, வசிப்பிடம்தான் கணக்கு. பிரெஞ்சுக் குடியுரிமையோடு வருடம் முழுக்கப் புதுச்சேரியிலேயே இருப்பவருக்கு இது பொருந்தாது. ஓனர் வருமான வரித்துறையில் குறைந்த பிடித்தச் சான்றிதழ் வாங்கித் தந்தால் சுமை குறையும். பிடிக்காமல் விட்டால் துறை கேட்பது உங்களை.

கே: போக்கியத்துக்கு 8 லட்சம் தருகிறேன் என்கிறார் ஒருவர். மாத வாடகைத் தொல்லை இல்லையே?

ப: அது வருமானமல்ல, கடன். செலவழித்துவிட்டால் அடுத்த ஆள் கிடைக்கும்வரை திருப்பித் தர முடியாது. பத்திரத்தைச் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும். வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்தால் வங்கியைக் கேட்காமல் தொடாதீர்கள்.

கே: தேவனாம்பட்டினத்தில் மாடி போர்ஷன். கூரையில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. பூசினேன், ஒரே வருடத்தில் மறுபடி விழுந்தது. செலவைக் குடியிருப்பவரிடம் கேட்கலாமா?

ப: கூரை உங்கள் பொறுப்பு, குழாய் வாஷர், ஸ்விட்ச், சாக்கடை அடைப்புதான் அவருடையது. உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து உப்பி, கான்கிரீட்டைத் தள்ளுகிறது. மேலே பூசினால் துரு உள்ளேயே வேலை செய்யும். தளர்ந்ததை எல்லாம் தட்டிவிட்டு, கம்பியின் பின்பக்கம் வரை திறந்து, கம்பி பிரஷால் பளபளப்பு வரும்வரை தேய்க்க வேண்டும். துருத்தடுப்புப் பூச்சு அடித்து, பாலிமர் கலந்த சாந்தால் மூடச் சொல்லுங்கள். கம்பி ரொம்பத் தேய்ந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்க்க வேண்டும். அதைப் பொறியாளர் பார்த்துச் சொல்லட்டும். மொட்டை மாடியில் நீர்க்கசிவை அடைக்காமல் கீழே வேலையைத் தொடங்காதீர்கள்.

கே: இந்த ரிப்பேர் பில்லை வருமான வரியில் காட்டலாமா?

ப: முடியாது. நீங்கள் கட்டிய சொத்து வரி போக மீதி வாடகையில் 30% கழிவு தானாகக் கிடைக்கும். பில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவ்வளவுதான்.