வெற்றுத் தாளை எடுத்து வையுங்கள், கைக்கு எண்ணிச் செய்யும் வேலை கொடுங்கள்

கேள்வி: என் வயது 54. கணவர் இறந்து எட்டு மாதம் ஆகிறது. ஆறு வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். மனசு ஆறும் என்று மகள் ட்ராயிங் நோட்டும் வண்ணங்களும் வாங்கித் தந்தாள். தாளைத் திறந்தாலே அழுகை வருகிறது. கொக்கி ஊசியால் குரோஷா பின்னும்போது கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் ஒரே இருப்பாக மூன்று நான்கு மணி நேரம் பின்னியதில் வலது கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டு வலிக்கிறது. அவருடைய சட்டைகளை வெட்டிக் குஷன் உறை தைக்கலாம் என்றும் மகள் சொல்கிறாள். கைவேலை உண்மையிலேயே மனதுக்கு மருந்தாகுமா?

பதில்: ஆகும், துணை மருந்தாக. அளவு தெரிந்து எடுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

வெற்றுத் தாள் அழ வைப்பதில் வியப்பே இல்லை. ‘என்ன வரையப் போகிறாய்’ என்று அது கேட்கிறது. இழப்பில் இருக்கும் மனம் நேராக அந்த இழப்புக்குத்தான் போகும். 2005-ல் வெளியான ஓர் ஆய்வில், பதற்றத்தில் இருந்த கல்லூரி மாணவர்களை 20 நிமிடம் வண்ணம் தீட்டச் சொன்னார்கள். வட்டக் கோலத்துக்கோ கட்டம் போட்ட வடிவத்துக்கோ வண்ணம் கொடுத்தவர்களுக்குப் பதற்றம் நன்றாகக் குறைந்தது. வெற்றுத் தாள் கிடைத்தவர்களுக்கு அப்படிக் குறையவில்லை. ஆகவே உங்களிடம் கோளாறு எதுவும் இல்லை. நோட்டை இப்போதைக்கு அலமாரியில் வையுங்கள்.

குரோஷா ஏன் இதம் தருகிறது? நினைத்ததையே திரும்பத் திரும்ப நினைக்க மூளைக்கு ஓர் இடம் வேண்டும். ‘பதினொன்று, பன்னிரண்டு’ என்று கண்ணிகளை எண்ணும்போது அந்த இடத்தை எண்ணிக்கை பிடித்துக்கொள்கிறது. கை ஒரே சீராக அசைவதால் பலருக்கு மூச்சும் நிதானப்படுகிறது. திறமைக்கு இதில் பெரிய பங்கில்லை. 2016-ல் வந்த ஒரு சிறிய ஆய்வில் 39 பேர் 45 நிமிடம் களிமண், மார்க்கர், படத்துண்டு ஒட்டுவது என்று விருப்பப்படி கலைவேலை செய்தார்கள். ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு உமிழ்நீரில் மன அழுத்த ஹார்மோனான கார்டிசாலின் அளவு குறைந்தது. முன்அனுபவம் இருந்ததா இல்லையா என்பதால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு வைக்காத ஆய்வு அது. அதனால் அதை ஆதாரம் என்பதைவிட நல்ல அறிகுறி என்றே சொல்வேன்.

இனி மணிக்கட்டு. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி மற்ற விரல்களால் மூடுங்கள். மணிக்கட்டை மெல்லச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்துப் பாருங்கள். கட்டைவிரலின் அடியில் சுரீர் என்று வலித்தால், அங்கே ஓடும் தசைநாண்களின் உறை வீங்கியிருக்க வாய்ப்பு அதிகம். ஊசியை இறுகப் பிடித்து மணி நேரக்கணக்கில் சுழற்றுவதால் வருவது இது. சர்க்கரை இருப்பவர்களுக்குக் கையில் தசைநாண், நரம்புத் தொல்லைகள் எளிதில் வரும். இரண்டு வாரம் ஊசியைத் தொடாதீர்கள். கட்டைவிரலையும் சேர்த்துத் தாங்கும் மணிக்கட்டுப் பட்டை போடுங்கள். கையில் மரத்த உணர்வு இருந்தால் ஐஸ் வேண்டாம். தோல் புண்ணாவதே தெரியாது. மூன்று வாரத்தில் குறையாவிட்டாலோ, இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போனாலோ நேரில் காட்டுங்கள்.

அந்த இரண்டு வாரத்துக்கு, கைப்பிடி தடித்த தூரிகையால் வாட்டர் கலர் செய்யுங்கள். அச்சடித்த வட்டக் கோலத்துக்கு வண்ணம் கொடுத்தால் போதும். தூரிகைக்கு அழுத்தமே தேவையில்லை.

வலி போனபின் பின்னலைப் புதிதாகத் தொடங்குங்கள். 5 மி.மீ. ஊசி, நடுத்தரத் தடிமன் நூல், வெளிர் நிறம். கறுப்பிலும் கருநீலத்திலும் கண்ணி தெரியாது. 21 சங்கிலி போட்டு, ஊசிக்குப் பக்கத்தில் இருப்பதை விட்டு, இரண்டாவதிலிருந்து 20 சிங்கிள் குரோஷா, அதாவது அடிப்படையான குட்டைக் கண்ணி. வரிசை முடிந்ததும் ஒரு சங்கிலி போட்டுத் திருப்புங்கள். (பிரிட்டிஷ் முறையில் எழுதிய குறிப்புகளில் இதே பின்னலை டபுள் குரோஷா என்பார்கள், குழம்ப வேண்டாம்.) துண்டு முக்கோணமாகக் குறுகிக்கொண்டே போனால், வரிசையின் கடைசிக் கண்ணியைத் தவறவிடுகிறீர்கள் என்று அர்த்தம். அதில் ஓர் ஊக்கு மாட்டி வையுங்கள், தப்பாது. முதல் சங்கிலியில் ஊசி நுழையவே மறுக்கிறதா? நூலை இழுத்துப் பிடிக்கிறீர்கள். துக்கத்தில் கையும் தன்னையறியாமல் இறுகும். சங்கிலியை மட்டும் 6 மி.மீ. ஊசியால் போடுங்கள்.

நேரம் முக்கியம். 20 நிமிடம் பின்னி 5 நிமிடம் கையை விரித்து ஓய்வு, பிறகு இன்னொரு 20. ஒரு நாளைக்கு அது போதும். மனம் கனக்கும் வேளை உங்களுக்கே தெரிந்திருக்கும். அதற்கு அரை மணி முன்பே உட்காருங்கள். அழுகை தொடங்கியபின் ஊசியை எடுப்பது கடினம். பின்னும்போது கண்ணீர் வந்து போனால் விட்டுவிடுங்கள், அது தவறல்ல. மூன்று நான்கு மணி நேரம் நிறுத்த முடியாமல் பின்னியதுதான் எனக்குக் கவலை: அது மருந்தை அளவு மீறிச் சாப்பிட்டதுபோல. தூங்காமலோ வேளைக்குச் சாப்பிடாமலோ பின்னினால் சர்க்கரையும் கெடும்.

இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாக எல்லா நாளும் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமோ பசியோ கெட்டிருந்தால் கைவேலையை மட்டும் நம்ப வேண்டாம். மனநல மருத்துவரைப் பாருங்கள். இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே மகளிடம் சொல்லி மருத்துவமனைக்குப் போங்கள். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சட்டை விஷயத்தில் அவசரம் வேண்டாம். வெட்டிய துணி திரும்பச் சேராது. முதலில் ஒரே ஒரு சட்டையின் பையை மட்டும் தையல் பிரித்து எடுத்துப் பாருங்கள். கை நடுங்கினால் மூடி வைத்துவிட்டு இன்னும் சில மாதம் கழித்து யோசிக்கலாம். மனம் ஒப்பினால் 17 செ.மீ. சதுரமாக ஒன்பது துண்டு வெட்டுங்கள். சுற்றிலும் 1 செ.மீ. தையலுக்குப் போக 45 செ.மீ. உறையின் முன்பக்கம் கிடைக்கும். பழைய துணி இழுபடும் என்பதால் வெட்டும் முன் ஒட்டுக் கேன்வாஸ் வைத்து இஸ்திரி போடுங்கள். துணியைத் துவைத்த பிறகுதான் வெட்ட வேண்டும். துவைத்தால் அவருடைய வாசம் போய்விடும். ஒரு சட்டையைத் துவைக்காமல் தனியாக எடுத்து வைத்துவிட்டு மற்றவற்றைத் தண்ணீரில் போடுங்கள்.