ஆர் மொழியில் இருமம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஆர் நிரல் மொழியில் எண்ணைப் பிட்டுகளாக்கும் இன்ட்டுபிட்ஸிடம் 13-ஐக் கொடுத்தால் 01 00 01 01 00 00 என்று நீண்டுகொண்டே போகிறது. எனக்கு வேண்டிய 1101, அதாவது 13-இன் இருமம் (0, 1 மட்டும் கொண்டு எழுதுவது), எங்கே?

பதில்: அதற்குள்ளேயே இருக்கிறது, தலைகீழாக. இந்த ஃபங்ஷன் வலக்கோடியில் வர வேண்டிய ஒன்றாம் இடப் பிட்டை முதலில் வைத்து 32 பிட்டையும் வரிசையாகக் கொட்டும். விடை ரா (மூல பைட்) வகை என்பதால் ஒவ்வொரு பிட்டும் 00 அல்லது 01 என்று தெரிகிறது. இன்டிஜராக (முழு எண்ணாக) மாற்றுங்கள், ரெவ் போட்டுத் திருப்புங்கள், பேஸ்ட்டில் கொலாப்ஸை வெற்றுச் சரமாக (எழுத்தே இல்லாத எழுத்துத் தொடராக) வைத்து ஒட்டுங்கள். முன்னால் நிற்கும் சுழியங்களை நீக்கும்போது கடைசி எழுத்தில் கை வைக்காதீர்கள். வைத்தால் 0 என்ற எண்ணுக்கு வெற்றுச் சரம்தான் மிஞ்சும்.

கேள்வி: எனக்கு விடை தப்பாக வருகிறது. என்ன செய்யலாம்?

பதில்: எந்த எண்ணைக் கொடுத்தீர்கள், என்ன எழுதினீர்கள், திரையில் என்ன வந்தது? மூன்றில் ஒன்றுகூடக் கடிதத்தில் இல்லை. ரெவ் போட்டீர்களா என்று முதலில் பாருங்கள். போட்டும் தப்பென்றால் அந்த மூன்றையும் எழுதி அனுப்புங்கள்.

கேள்வி: இருமச் சரங்களை ஆஸ்.நியூமரிக் கொண்டு எண்ணாக்கி டேட்டா ஃப்ரேமில் (அட்டவணையில்) வைத்திருக்கிறேன். 32-க்கு உரிய இடத்தில் 1ஈ+05 என்று காட்டுகிறது. எப்படிச் சரிசெய்வது?

பதில்: எண்ணாக வைத்ததுதான் கோளாறு. இதே தப்போடு மாதாமாதம் கடிதம் வருகிறது, நானும் மாதாமாதம் இதையே எழுதுகிறேன்: இருமச் சரம் எழுத்து, எண் அல்ல. 100000 என்ற சரத்தை எண்ணாக்கினால் ஆருக்கு அது முப்பத்திரண்டு அல்ல, ஒரு லட்சம். லட்சத்தைச் சுருக்கி 1ஈ+05 என்று அச்சிடுவது அதன் வழக்கம். ஆப்ஷன்ஸில், இந்தச் சுருக்கத்தைத் தவிர்க்கும் சைபெனை ஏற்றி இதை மறைத்துவிடலாம் என்று பலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். கண்ணில் படுவதுதான் மாறும், உள்ளே இருக்கும் கோளாறு அப்படியே இருக்கும்.

அது எவ்வளவு பெரிய கோளாறு என்று பாருங்கள். 65537-இன் இருமம் 10000000000000001, மொத்தம் 17 இலக்கம். ஆஸ்.நியூமரிக் தரும் டபுள் வகை முழு எண்களைப் பிசகாமல் காப்பது 2-இன் 53-ஆம் அடுக்கு வரைதான். அது 16 இலக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. ஆகவே கடைசி 1 உதிர்ந்து 10000000000000000 ஆகிறது. இப்போது உங்கள் கையில் இருப்பது 65536. எச்சரிக்கை கிடையாது, பிழைச்செய்தி கிடையாது. பிட் கொடிகளை (ஒவ்வொரு பிட்டும் ஒரு ஆம்/இல்லை குறி) இப்படிச் சேமித்து வைத்தவர் தப்பான வரிசைகளை வடிகட்டிக்கொண்டே இருப்பார், அவருக்குத் தெரியவே தெரியாது. 8 பிட் அகலத்துக்கு நீங்கள் கவனமாகச் சேர்த்த 00000101-உம் எண்ணானதும் வெறும் 101 ஆகிவிடும்.

கோப்பிலிருந்து படிக்கும்போதும் இதே பள்ளம் காத்திருக்கிறது. ரீட்.சிஎஸ்வி 0011-ஐப் பார்த்ததும் 11 என்ற எண்ணாக எடுத்துக்கொள்ளும். கால்கிளாசஸில் அந்த நெடுவரிசையைக் கேரக்டர் என்று குறிப்பிடுங்கள். கணக்குப் போட வேண்டுமா? மூல தசம எண்ணைப் பக்கத்திலேயே வைத்திருங்கள், பிட்டுகளை ஒப்பிடும் பிட்வ்ஆண்ட் அதன்மேலேயே வேலை செய்யும். இருமச் சரம் பார்க்கவும் அச்சிடவும் மட்டும்.

கேள்வி: 300 கோடியை மாற்றினால் என்ஏ (மதிப்பு இல்லை) எச்சரிக்கை வருகிறது.

பதில்: ஆரின் இன்டிஜர் சுமார் 214 கோடியோடு நின்றுவிடும். அதற்கு மேலே %% 2 (மீதி), %/% 2 (ஈவு) என்று வகுத்துக்கொண்டே போகும் லூப் எழுதுங்கள். 2-இன் 53-ஆம் அடுக்கு வரை டபுள் தாங்கும். இன்னும் பெரிய எண்ணுக்கு ஜிஎம்பி பேக்கேஜ். ஒரு எச்சரிக்கை: என்ஏவையும் இன்ட்டுபிட்ஸ் மாற்றித்தான் தரும். திருப்பிப் பார்த்தால் ஒரு 1, பின்னால் 31 சுழியம். அதை நிஜ விடை என்று நம்பிவிடாதீர்கள், முதலில் இஸ்.என்ஏ பாருங்கள்.

கேள்வி: வகுத்தல் லூப் ஒரு எண்ணுக்கு ஓடுகிறது, முழு நெடுவரிசையைக் கொடுத்தால் பிழை.

பதில்: லூப்பை ஓட்டும் வைலுக்குள் ஒரே ஒரு நிபந்தனைதான் போகலாம். 2022-இல் வந்த ஆர் 4.2.0 பதிப்பிலிருந்து இது பிழையாகவே நிற்கும். முன்பு எச்சரிக்கையோடு முதல் மதிப்பை மட்டும் பார்த்தது. விஆப்ளை கொண்டு ஒவ்வொன்றாக அனுப்புங்கள், திரும்பி வருவது கேரக்டர் என்று அதிலேயே எழுதிவிடுங்கள்.

கேள்வி: -5-க்கு ஏன் இத்தனை 1?

பதில்: ஆர் எதிர்ம எண்களை இரண்டின் நிரப்பியாக (பிட்டுகளைப் புரட்டி 1 கூட்டும் முறையில்) வைக்கிறது. கடைசி எட்டு பிட் 11111011, அதற்கு முன்னால் எல்லாம் 1. அந்த 32 எழுத்துச் சரத்தை, சரத்தை எண்ணாக்கும் ஸ்ட்ராய் இரண்டை அடியாகக் கொண்டு -5 ஆக்காது, என்ஏதான் தரும்.

கேள்வி: 0.29-ஐ 100-ஆல் பெருக்கி மாற்றினால் 28-இன் இருமம் வருகிறதே?

பதில்: பெருக்கிய விடை 29-க்கு ஒரு நூலிழை கீழே நிற்கிறது, இன்டிஜராக்கும்போது பின்னம் வெட்டுப்படுகிறது. முதலில் ரவுண்ட் போடுங்கள்.

கேள்வி: எட்டு இலக்கத்துக்கு முன்சுழியம் சேர்க்க எஸ்பிரின்ட்எஃப் போதுமா?

பதில்: போதாது. சரத்துக்குச் சுழியம் நிரப்புவது சில இயங்குதளங்களில் நடக்கும், சிலவற்றில் நடக்காது. 32 எழுத்துச் சரத்தை வைத்துக்கொண்டு சப்ஸ்ட்ரால் 25 முதல் 32 வரை வெட்டி எடுங்கள். எண் 255-ஐத் தாண்டவில்லை என்று அதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். ரெவ் போட்ட பிறகுதான் வெட்ட வேண்டும்.