இரண்டாவது ரிவ்யூவர்

அன்புள்ள ஐயா,

கணிதத்தில் பிஎச்.டி. செய்கிறேன். எட்டு மாதம் காத்திருந்து என் முதல் கட்டுரைக்கு ‘மேஜர் ரிவிஷன்’, அதாவது நிறையத் திருத்தி மீண்டும் அனுப்பச் சொல்லும் பதில், இதழிலிருந்து வந்திருக்கிறது. இதழுக்காகக் கட்டுரையை மதிப்பிட்ட இருவரில் முதல் ரிவ்யூவர் பாராட்டியிருக்கிறார். இரண்டாமவர் “இரண்டாம் பகுதிக்குமேல் தொடர முடியவில்லை” என்கிறார். அவர் கட்டுரையைப் படிக்கவே இல்லை. ஒரே ஆளின் இரண்டு கட்டுரைகளை மேற்கோள் காட்டவும் சொல்கிறார். திருத்தி அனுப்பவா, வேறு இதழுக்குப் போகவா? கட்டுரையை இணைத்திருக்கிறேன்.

எம்.

அன்புள்ள எம்.,

எட்டு மாதம் காத்திருந்து இப்படி ஒரு பதிலைப் படித்தால் சோறு இறங்காது. தெரியும். இரண்டு நாள் அதைத் தொடாதீர்கள், தூங்குங்கள்.

ஆனால் “படிக்கவே இல்லை” என்று எழுதினீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. எந்த இடத்தில் நின்றுபோனார் என்று சொல்லியிருக்கிறார். படிக்காத ஆளால் அதைச் சொல்ல முடியுமா?

கொஞ்ச நாளாக ராமானுஜனின் முதல் கட்டுரையைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பெர்னூலி எண்கள் என்கிற பின்ன வரிசையைப் பற்றியது, 1911இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வந்தது. எடிட்டர் பெங்களூரில் இருந்த எம்.டி. நாராயண ஐயங்கார். முறைகள் புதியவை, ஆனால் எழுத்து ஒரேயடியாகச் சுருக்கம், தெளிவில்லை, சாதாரண வாசகரால் பின்தொடர முடியாது என்பது அவர் சொன்ன குறை. கையெழுத்துப்படி பலமுறை போய்ப்போய் வந்தது. அப்போது ராமானுஜனிடம் பட்டமும் கிடையாது, வேலையும் கிடையாது. போர்ட் டிரஸ்ட் குமாஸ்தா வேலையே 1912இல்தான் கிடைத்தது. ‘இவருக்கு என் கணக்கு புரியவில்லை’ என்று சொல்ல அவரைவிட உரிமையுள்ளவர் யார்? அவரே உட்கார்ந்து திருப்பி எழுதினார். உங்களுக்கும் எனக்கும் என்ன வந்தது?

முதல் ரிவ்யூவரின் பாராட்டில் மயங்கிவிடாதீர்கள். அத்தனை திருத்தத்துக்குப் பிறகும் ராமானுஜன் கட்டுரையில் ஒரு தவறு தங்கிவிட்டது. பெர்னூலி எண்ணை அதன் வரிசை எண்ணால் வகுத்துச் சுருக்கினால் பின்னத்தில் மேலே நிற்பது பகா எண் என்கிறது அது. 20ஆவது எண்ணுக்கு வருவது 174611. அது 283ஐ 617ஆல் பெருக்கினால் கிடைப்பது. தவறைப் பிடிக்கவேண்டியது கடைசியில் நீங்கள்தான்.

மேற்கோள் விஷயத்தை விடுங்கள். பொருந்தினால் சேருங்கள், இல்லையென்றால் எடிட்டருக்கு ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் இரண்டாம் பகுதியைப் பார்த்தேன். முதல் லெம்மாவில் (துணைத் தேற்றத்தில்) எந்த முழு எண்ணாகவும் இருக்கிற குறியீடு, அடுத்ததில் இரட்டை எண்ணாகிவிடுகிறது. எங்கே மாறியது? நானும் அங்கேதான் நின்றேன். வேறு இதழுக்குப் போனாலும் வாசகர் அங்கேதான் நிற்பார், அவர் பக்கத்தில் உட்கார்ந்து விளக்க நீங்கள் இருக்கமாட்டீர்கள்.

அதைச் சரிசெய்யுங்கள். அப்புறம் கணிதம் தெரிந்த, ஆனால் உங்கள் துறையில் இல்லாத ஒரு தோழியிடம் அந்தப் பகுதியை மட்டும் கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். வாயைத் திறக்கக் கூடாது. எந்த வரியில் நின்று முந்தைய பக்கத்தைப் புரட்டுகிறாள் என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.