பிள்ளையார் நோன்பன்று எரிகிற திரியை விழுங்குவார்களாமே, உண்மையா?

கேள்வி: செட்டிநாட்டு நகரத்தார் வீடுகளில் பிள்ளையார் நோன்பு என்று ஒன்று உண்டாம், எரிகிற திரியை அப்படியே வாயில் போட்டுக்கொள்வார்களாம். நிஜமா? வீட்டில் எப்படிச் செய்வீர்கள்?

நிஜம்தான். நான் தேவகோட்டையில் பிறந்து காரைக்குடிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். இரண்டு வீட்டிலும் இழை எடுத்திருக்கிறேன்; எரிகிற திரி வைத்த மாவை வாங்கிச் சாப்பிடுவதைத்தான் அப்படிச் சொல்வோம். கேட்பவர்கள் எல்லாருக்கும் அந்த நெருப்பு மட்டும்தான் கண்ணில் படுகிறது. வீட்டில் அதற்கு யாரும் பயப்படுவதில்லை. நாலு வயசுப் பிள்ளையும் எடுத்துக்கொள்ளும்.

முதலில் நாள். திருக்கார்த்திகைக்கு அப்புறம் 21 நாள் எண்ண வேண்டும். திருக்கார்த்திகையன்று பௌர்ணமி என்றால் 15 நாளில் அமாவாசை, அதற்கு மேல் ஆறு நாள், வளர்பிறைச் சஷ்டி. நட்சத்திர வரிசையில் கார்த்திகை மூன்றாவது. 21 கூட்டினால் 24, அதாவது சதயம். சஷ்டியும் சதயமும் கூடுகிற அந்த நாள் மாலையில்தான் நோன்பு, பெரும்பாலும் மார்கழியில் வரும். அநேகமாக டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரித் தொடக்கத்துக்குள் வந்துவிடும்.

இதற்குப் பெரியவர்கள் ஒரு கதை சொல்வார்கள். சரக்கேற்றிக்கொண்டு கடலில் போன நகரத்தார் புயலில் மாட்டிக்கொண்டார்களாம். பிள்ளையாரை வேண்டிக்கொண்டு, நாள் கணக்குத் தப்பாமல் இருக்க உடுத்திய வேட்டியிலிருந்து தினம் ஒரு இழை உருவி வைத்தார்களாம். கரை சேர்ந்ததும் 21 இழையையும் திரியாக்கி, கையில் இருந்த மாவில் வைத்து ஏற்றிக் கும்பிட்டார்களாம். நடந்ததா என்று கேட்டால் எனக்குத் தெரிந்து கல்வெட்டு எதுவும் கிடையாது. ஆனால் வட்டிக் கணக்கு எழுதியே பழகிய சனம், புயலிலும் கணக்கை விடவில்லை என்பதை நான் நம்புகிறேன்.

எங்கள் அப்பத்தா இருந்தவரை கார்த்திகையன்றே புது வேட்டி ஒன்று எடுத்து வைத்து, தினம் குளித்துவிட்டு வந்து இழை உருவுவார். இப்போது பல வீடுகளில் நோன்பன்று காலையில் உட்கார்ந்து மொத்தமாக 21 எண்ணி எடுத்துத் திரிக்கிறார்கள். வேலைக்குப் போகிற வீட்டில் வேறு வழியில்லை, நானும் அப்படித்தான். தலைக்கு ஒரு திரி. பத்துப் பேர் என்றால் 210 இழை. எண்ணிக்கை விட்டுப்போனால் முதலிலிருந்து எண்ண வேண்டியதுதான்.

மாவுக்குப் பச்சரிசியை ஊறவைத்து நிழலில் உலர்த்தி இடித்துச் சலிக்க வேண்டும். மண்ணில்லாத வெல்லம், நெய், ஏலக்காய் சேர்த்துப் பிசைந்து, வாய்க்குள் அடங்கும் அளவில் சின்னக் கூம்பாகப் பிடிப்போம். அதுதான் பிள்ளையார். உச்சியில் நெய்யில் தோய்த்த திரி.

சாயங்காலம் நடுவீட்டுக் கோலம் போட்டு, வெள்ளிப் பிள்ளையாரை வைத்து, ஆவாரம்பூவும் கண்ணுப்பிள்ளைப் பூவும் சாத்துவோம். நெல், அவல், கம்பு, சோளம், எள் என்று ஐந்து பொரி படைப்போம். கருப்பட்டிப் பணியாரம் கட்டாயம் இருக்கும். சங்கு ஊதுவோம். வெளியூர்க்காரர்கள் சங்குச் சத்தம் கேட்டால் துக்க வீடு என்று நினைத்துவிடுகிறார்கள். எங்கள் பக்கம் பொங்கல் பொங்கினாலும் சங்குதான், கல்யாணத்துக்கும் சங்குதான். சென்னை அடுக்குமாடியில் முதல் வருஷம் ஊதியபோது வாட்ச்மேன் படியேறி வந்து விசாரித்துவிட்டுப் போனார்.

இதில் ஐயர் கிடையாது, மந்திரம் கிடையாது, கோயிலுக்குப் போகவும் வேண்டாம். பிள்ளையார்பட்டி, நகரத்தாருக்கு உரிய ஒன்பது கோயில்களில் ஒன்று. ஆவணிச் சதுர்த்திக்கு அங்கே தேரும் முக்குறுணிக் கொழுக்கட்டையும் ஊரே திரளும் கூட்டமும் உண்டு. நோன்போ வீட்டுக்குள் முடிகிற காரியம். வீட்டில் யார் மூத்தவரோ அவர்தான் எடுத்துக் கொடுப்பார். விழுந்து கும்பிட்டு, வயசு வரிசையில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

திரியை ஏற்றி வலது கையில் கொடுப்பார்கள். வாயை நன்றாகத் திறந்து உள்ளே வைத்து மூடியதும் காற்றில்லாமல் சுடர் அணைந்துவிடும். சூடு தெரிவதற்குள் வெல்லம் தெரியும். ஊதவும் கூடாது, யோசிக்கவும் கூடாது. யோசித்தால் நெய் உருகித் திரி சாய்ந்துவிடும், அப்போதுதான் உதட்டில் சுடும். "ஏத்தா, பாத்துக்கிட்டே நிக்காதே, சட்டுன்னு போட்டு வாயப் பொத்து" என்பதுதான் அப்பத்தா சொல்லிக்கொடுத்த மந்திரம். மாவோடு நூலும் உள்ளே போகும். கைக்குழந்தைக்கு வாயருகே காட்டிவிட்டுத் தாய் எடுத்துக்கொள்வாள். முடியைக் கட்டிக்கொள்ளுங்கள், நைலக்ஸ் சேலையும் தொங்குகிற துப்பட்டாவும் வேண்டாம்.

எனக்கு இதில் பிடித்ததே ஆளுக்கு ஒன்று என்கிற கணக்குதான். கர்ப்பமாக இருப்பவளுக்கு வயிற்றுப் பிள்ளைக்கும் சேர்த்து இரண்டு இழை. என் மகனைச் சுமந்த வருஷம் மாமனார் இரண்டாவது இழையை நீட்டியபோது, அவன் முகம் பார்ப்பதற்கு முன்பே இந்த வீட்டுக் கணக்கில் ஏறிவிட்டான் என்று தோன்றியது. கல்யாணமான பெண்ணுக்குப் புருஷன் வீட்டில்தான் இழை. முதல் வருஷம் அது கொஞ்சம் தொண்டையை அடைக்கும். யாரும் வெளியே சொல்வதில்லை, நான் சொல்லிவிடுகிறேன்.

கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன காலத்தில் பர்மாவிலும் மலேயாவிலும் கிட்டங்கிகளில், அதாவது கடையும் தங்குமிடமுமான கட்டடங்களில், இருந்த ஆண்கள் பெண்டு பிள்ளைகள் இல்லாமல்தான் பண்டிகைகளைக் கழித்தார்கள். எங்கள் ஐயா பினாங்கில் கடையை நடத்திய மேலாள் கையால் இழை வாங்கிக்கொண்டதாகச் சொல்வார். இன்றைக்குச் சிங்கப்பூர், அமெரிக்கா எங்கும் நகரத்தார் சங்கங்கள் மண்டபம் பிடித்து நோன்பு வைக்கின்றன. இழை எடுத்தபின் உப்பு, மஞ்சள் என்று மங்கலப் பொருள்களை ஏலம் விடுவார்கள். ஒரு பொட்டலம் உப்பு கடை விலையைவிடப் பல மடங்குக்குப் போகும், பணம் பொதுக் காரியத்துக்கு. ஏலத்தில் சிரிப்பும் சீண்டலும் இருக்கும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனாலும் நூறு பேர் வரிசையில் நின்று முன்பின் தெரியாத பெரியவரிடம் வாங்குவதும், சொந்த அப்பச்சி (அப்பா) கையால் வாங்குவதும் எனக்கு ஒன்றில்லை. வீட்டில் மூன்று பேர்தான் என்றாலும் வீட்டிலேயே வையுங்கள் என்பேன். மண்டபத்துக்கு மறுநாள் போகலாம்.

நகரத்தார் அல்லாதவர்கள் எடுக்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். எங்கள் எதிர்வீட்டுப் பெண்ணுக்குச் சின்னதாகப் பிடித்துக் கொடுத்தோம். முதல் தடவையே கண்ணை மூடிக்கொண்டு போட்டுக்கொண்டாள். நீங்களும் செய்து பார்ப்பதாக இருந்தால் வெல்லத்தை மட்டும் கூட்டிவிடாதீர்கள், மாவு இளகினால் திரி நிற்காது. நெய்யைக் குறைத்தால் மாவு தொண்டையில் ஒட்டும்.